ஆட்டத்தில் ஓரிடம்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள். ஒன்று மலையில் விளைவது. மற்றொன்று ஊருக்குள் நடப்பது. இரண்டும் சந்திக்கும் இடம், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடம். அங்கே வணிகர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணினி. விற்பனைக்கு வந்த காயின் மாதிரி கைமாறி வரும். நிறத்தைப் பார்ப்பர், பருமனைப் பார்ப்பர், ஒன்றிரண்டை உரித்து மணம் அறிவர். குவியலின் எண் திரையில் தோன்றியதும் விரல்கள் மட்டும் பேசத் தொடங்கும். ஒருவர் விசையை அழுத்த விலை ஏறும். அடுத்தவர் அழுத்த மேலும் ஏறும். சிறிது நேரத்தில் ஒருவர் வென்றிருப்பார். யாரோ ஓர் உழவர் மழையிலும் பனியிலும் நின்று விளைவித்த காய்க்கு விலை முடிவாகியிருக்கும்.

இக்காட்சியிலிருந்து பிழைப்பின் கவலையை எடுத்துவிட்டுச் சிரிப்பைச் சேர்த்தால் கிடைப்பதுதான், ‘பார்ட்டி கேம்’ என்று உலகம் வழங்கும் கூட்டுக் காணொளி விளையாட்டு. ஒரே திரை, பல கைகள், சில நொடிக் கெடு, உடனே தெரியும் வெற்றி தோல்வி. தனியறையில் இரவெல்லாம் கண்விழித்து ஆடும் ஆட்டம் வேறு, இது வேறு. இங்கே திரையைவிடப் பக்கத்தில் இருப்பவரின் முகமே சுவையானது. இவ்வாட்டங்கள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஐந்தாறு ஆட்டங்களையோ ஐம்பது சிற்றாட்டங்களையோ ஒன்றாகக் கட்டித் தொகுப்பாகவே வெளியிடுவர். பொங்கல் நாளன்று ஊர்த்திடலில் உறியடியும் கோணிப்பை ஓட்டமும் இசை நாற்காலியும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைப் போன்றது அது.

ஏலக்கூடத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஏலக்கூடத்தில் உரிமம் பெற்ற வணிகருக்கே இருக்கை. கூடி ஆடும் ஆட்டத்திலோ, வீட்டுக்கு வந்த எவருக்கும் இருக்கை தரவேண்டும். ஆடத் தெரிந்தவர், தெரியாதவர், முதியவர், சிறுபிள்ளை, வெட்கப்படுபவர், களைத்திருப்பவர் என எல்லாரையும் ஒரே வட்டத்தில் எப்படி அமர்த்துவது? இவ்வகை ஆட்டங்களை உருவாக்குவோரின் மேசைமீது நாள்தோறும் கிடக்கும் கேள்வி இது.

கேள்வி புதியதன்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. அசையாப் பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டினால் வருவோர் சலிப்படைவர் என்று கருதினார் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலாளர். அலைவுகாட்டியின் சிறு வட்டத்திரையில் ஓர் ஒளிப்புள்ளியைப் பந்தாகத் துள்ளவிட்டார். இருவர் கையில் இரு பெட்டிகள். ஒரு திருகு, ஒரு பொத்தான். அவ்வளவே. மக்கள் நீண்ட வரிசையில் காத்துநின்று ஆடினர். விருந்தினரை மகிழ்விக்கவே அந்த ஆட்டம் பிறந்தது என்பது கருதத்தக்கது. 1972இல் ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய ‘பாங்’ ஆட்டப்பொறியைக் கலிபோர்னியாவில் ஒரு விடுதியில் சோதனைக்கு வைத்தனர். சில நாள்களில் அது நின்றுபோயிற்று. பழுது பார்க்கச் சென்றவர் கண்டது, நாணயங்கள் நிரம்பி வழிந்த பெட்டியை. அந்தப் பொறியின்மேல் நீண்ட விதிமுறை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வந்தவர் நின்றார், திருகினார், ஆடினார்.

நின்றவுடன் ஆடத் தகுந்த ஆட்டம் யாருக்குத் தேவை என்பதைப் போடிமெட்டுச் சாலையில் ஒரு விடியற்காலை காட்டிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அச்சாலையில், இருள் பிரியும் முன்னரே ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறும். அவர்களுள் பெண்கள் மிகுதி. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அது காய்ப்பது உச்சியில் அன்று; தூரடியில், தரையையொட்டிப் படரும் சரங்களில். ஒரே சரத்திலும் எல்லாக் காயும் ஒருங்கே முதிர்வதில்லை. முதிர்ந்ததை மட்டும் தெரிந்து எடுக்கவேண்டும். எனவே நாள்முழுதும் குனிந்தோ குத்தவைத்தோ, ஈரம் வற்றாத நிழலில், விரல்நுனியால் செய்யும் வேலை அது. மாலையில் மலையிறங்கி வீடு சேர்ந்த பெண்ணிடம் ஆட்டத்தின் விதிகளை அரைமணி நேரம் விளக்க எவருக்கும் துணிவு வராது. அவளும் அவளுடைய மாமியாரும் எட்டு வயது மகனும் சேர்ந்து ஆடவேண்டுமானால், அந்த ஆட்டம் அவர்களை நோக்கி நடந்து வரவேண்டும்.

தமிழ்ச் சிறுவர் இதற்குத் தாமாகவே ஒரு வழி கண்டிருந்தனர். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் சேர்வேன் என்று தம்பி அழுவான். அவனால் ஓட முடியாது. சேர்க்காவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவான். அவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆக்குவர். அவன் ஓடலாம், கத்தலாம், பிடிபடலாம். ஆனால் ஆட்டமிழக்க மாட்டான். உடற்குறையைச் சுட்டும் அச்சொல்லை இன்று சொல்லத் தயங்குகிறோம், தயங்கவும் வேண்டும். ஏற்பாட்டில் இருந்த கனிவு மட்டும் மறுக்க இயலாதது. அதே ஏற்பாட்டில் ஒரு வலியும் ஒளிந்திருந்தது. தன்னை யாரும் உண்மையாகத் துரத்தவில்லை என்பது தம்பிக்குச் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். உள்ளே இருந்தும் வெளியே இருப்பவன் அவன். அவனைத் துரத்தத் தகுந்தவனாக ஆக்குவது எப்படி? விதியில் கைவைத்தால்தான் முடியும்.

விதி என்பது ஆட்டத்தின் அரங்கு. கல்லாமல் அவையேறிப் பேசுபவனை, அரங்கு வரையாமல் வட்டாடுபவனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவர் காலத்துக் கேட்போருக்குக் கட்டம் கீறி ஆடும் ஆட்டம் அவ்வளவு பழகியதாய் இருந்திருக்கவேண்டும். குரங்கணிச் சரிவுகளில் ஊறிப் போடியைக் கடக்கும் கொட்டகுடி ஆறு வைகையோடு சேர்கிறது. அந்த வைகை கிழக்கே ஓடி மதுரையைக் கடந்தபின் வருவது கீழடி. அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் பகடைகளும் சுட்ட மண்ணாலான ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. காய்கள் கிடைத்தன, விதிகள் கிடைக்கவில்லை. விதிகள் மண்ணில் புதைவதில்லை. ஆடுவோர் வாயிலேயே வாழ்ந்து வாயிலேயே மாறுகின்றன.

மாறும் விதிக்குத் தாயத்தைவிட நல்ல சான்று இல்லை. இரண்டு நீள்பகடைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றுள் கூட்டினால் ஒன்று வருவது, அதாவது தாயம் விழுவது, இரண்டே வகை. எனவே ஓர் உருட்டலில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தாயம் விழாமல் காய் கட்டத்தில் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதிருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வருகிறது. நால்வர் ஆடும் வீட்டில் ஒருவரேனும் நெடுநேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது விதிவிலக்கன்று, வழக்கம். அந்த ஒருவர் சிறுபிள்ளையாய் இருந்தால் பகடை பறக்கும்.

ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்று தளர்த்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. ஐந்தும் இரண்டு வகையாக விழும். இச்சிறு திருத்தத்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிறது. எட்டு முறையும் ஏமாறுவோர் பத்தில் ஒருவராகக் குறைகின்றனர். எந்தப் பாட்டியும் இந்தப் பின்னங்களைத் தாளில் போட்டுப் பார்த்திருக்கமாட்டார். அழும் பேரனைப் பார்த்தார், விதியை மாற்றினார். இன்று விளையாட்டு நிறுவனங்களில் ‘சமநிலைப்படுத்தல்’ என்ற பெயரில், எண்களைக் கூட்டியும் குறைத்தும் மாதக்கணக்கில் செய்யப்படும் வேலை இதுவே.

எல்லாப் பழைய ஆட்டங்களும் இவ்வளவு இரக்கமுள்ளவை அல்ல. பல்லாங்குழியில் ஒரு சுற்றுத் தோற்றவர் அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழிகளை இழக்கிறார். குறைந்தவர் மேலும் குறைகிறார். கொள்கையளவில் அது நல்ல ஆட்டம்; கூட்டத்துக்கு ஆகாது. பரமபதத்தில் உச்சிக்கு அருகே நீண்ட பாம்பு ஒன்று காத்திருக்கும். முன்னால் போனவருக்கு அச்சமும் பின்தங்கியவருக்கு நம்பிக்கையும் கடைசிவரை நீடிக்கும். ஆடுபுலி ஆட்டம் வேறொரு வழியில் செல்கிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இருவருக்கும் ஒரே வலிமை தரவேண்டும் என்னும் எண்ணத்தையே அது தூக்கி எறிகிறது. ஒருவருக்குப் பாய்ச்சல், மற்றவருக்கு எண்ணிக்கை. பாய்பவர் வெட்டி வெல்வார். எண்ணிக்கையுடையவர் சூழ்ந்து வெல்வார். துரத்த முடியாத தம்பிக்கு வேறு வகை வலிமை ஒன்றைக் கொடுக்கலாமே என்னும் குறிப்பு அதில் இருக்கிறது. சென்னையில் இயங்கும் ‘கிரீடா’ போன்ற அமைப்புகள் இவ்வாட்டங்களை மீட்டெடுத்து மீண்டும் வீடுகளுக்குள் கொண்டுவந்திருக்கின்றன. வைத்துப் பார்க்க அல்ல, ஆடிப் பார்க்க.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டுக் காணொளி விளையாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் பழகிய முகங்கள் தெரிகின்றன. 1998இல் ஜப்பானில் வெளிவந்த ‘மரியோ பார்ட்டி’, ஹட்சன் சாஃப்ட் உருவாக்கி நின்டெண்டோ வெளியிட்டது. கட்டங்களில் பகடை உருட்டிச் செல்லும் ஆட்டம்தான் அதுவும். ஆனால் எல்லாரும் ஒருமுறை உருட்டி முடிந்ததும் நால்வரும் ஒருங்கே ஆடும் சிற்றாட்டம் ஒன்று வந்துவிடும். தாயம் விழாமல் காத்திருக்கும் துன்பம் அதில் பாதியாகிறது. முடிவில் எதிர்பாராத பரிசு நட்சத்திரங்கள் வேறு; பரமபதப் பாம்பின் வேலையை அவை செய்கின்றன. இத்தனை கவனமாகச் செய்த ஆட்டத்திலும் ஒன்று பார்வைக்குத் தப்பிற்று. சில சிற்றாட்டங்களில் கைப்பிடியின் குச்சியை மிக வேகமாகச் சுழற்றவேண்டும். சிறுவர்கள் விரலை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்து அழுத்திச் சுழற்றினர். கைகள் புண்ணாயின. 2000ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆட்டம் வாங்கியோருக்கு நின்டெண்டோ கையுறை வழங்க நேர்ந்தது. வெல்லத் துடிக்கும் பிள்ளை ஆக்கியோர் எண்ணியவாறு கையை வைப்பதில்லை. தனக்கு வசதியானவாறு வைக்கிறது.

2014இல் வெளிவந்த இரு தொகுப்புகள் இன்னும் கற்கத் தக்கவை. அமெரிக்காவின் ‘ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்’ ஐந்து ஆட்டங்களின் தொகுப்பு. அதில் ஆடத் தனிக் கருவி எதுவும் வேண்டா. அவரவர் திறன்பேசியே கைப்பிடி. திரையில் தோன்றும் நான்கெழுத்துக் குறியைத் தட்டினால் போதும், ஆட்டத்தில் இடம் கிடைத்துவிடும். அதிலுள்ள ‘ஃபிபேஜ்’ ஆட்டத்தில் விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் விடுபட்ட உண்மைச் செய்தி திரையில் வரும். ஒவ்வொருவரும் நம்பத் தகுந்த ஒரு பொய்யைப் புனைந்து அனுப்புவர். பொய்களுக்கு நடுவே உண்மை ஒளிந்திருக்கும். பிறரை ஏமாற்றினால் மதிப்பெண். ஏமாறாமல் உண்மையைக் கண்டாலும் மதிப்பெண். நிறையப் படித்தவரே வெல்லும் வினாடி வினாவைத் தலைகீழாகப் புரட்டிய விதி இது. பேச்சுச் சாதுரியமுள்ள பாட்டி, பட்டம் பெற்ற பேரனை இதில் எளிதாகக் கவிழ்த்துவிடலாம்.

மற்றொரு தொகுப்பு ‘ஸ்போர்ட்ஸ்ஃபிரண்ட்ஸ்’. அதிலுள்ள நான்கு ஆட்டங்களுள் ஒன்றுக்குத் திரையே இல்லை. டக்ளஸ் வில்சன் வடிவமைத்த ‘யோஹான் செபாஸ்டியன் ஜௌஸ்ட்’ அது. ஒவ்வொருவர் கையிலும் அசைவை உணரும் விளக்குக் கருவி. பாக்கின் இசை மெதுவாக ஒலிக்கும்போது கருவி சற்றே குலுங்கினாலும் ஆட்டமிழப்பு. இசை விரையும்போது மட்டும் துணிந்து நகரலாம். தன் கருவியைக் குலுங்காமல் காத்துக்கொண்டு பிறர் கருவியைக் குலுக்கவேண்டும். வாயில் கவ்விய கரண்டியில் எலுமிச்சையைச் சுமந்து ஓடிய எவருக்கும் இந்த ஆட்டத்தைக் கற்பிக்கத் தேவையில்லை.

போடியில் பிறந்து கணினி பயின்ற பெண் ஒருத்தி இப்படியொரு தொகுப்பைச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? தமிழர் வாழ்க்கை காணொளி விளையாட்டுக்குப் பொருந்துமா என்னும் தயக்கம் அவளுக்கு வேண்டியதில்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை மையமாகக் கொண்ட ‘வெண்பா’, டொரொண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனத்தால் 2023இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் ஆடப்பட்டது. அவளுடைய இடர்கள் வேறு. அவை சிறியவை, எனவே கொடியவை.

முதலில் அவள் கணினியைத் திறக்கமாட்டாள். தாளில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடிப் பார்ப்பாள். தாளில் சுவைக்காத ஆட்டம் திரையில் சுவைக்கப்போவதில்லை. இருபது எண்ணங்களில் பதினைந்து அங்கேயே கழிந்துவிடும். மிஞ்சியதை நிரலாக்கிப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரவேண்டும். ஆட்டச் சோதனையின் கடினமான பகுதி இந்த வாய் மூடல்தான். “அதை அழுத்துங்க அத்தை” என்று ஒரு சொல் சொன்னாலும் சோதனை கெட்டது. ஆட்டம் வீடுவீடாகப் போகும்போது அவள் கூடவே போகமுடியாது.

சொல்லாட்டம் ஒன்றை அவள் செய்திருப்பாள். ‘ஏலக்காய்’ என்று தட்டினால் கணினி அதை எட்டாக எண்ணும். ஐந்தெழுத்துச் சொல் அது என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கணினியின் ஒருங்குறி முறையில் உயிர்மெய்க்கும் மெய்க்கும் பெரும்பாலும் இரண்டிரண்டு குறியீடுகள். எழுத்தெண்ணும் நிரலை அவள் தமிழிலக்கணப்படி மாற்றி எழுதவேண்டும். அதே காரணத்தால் தமிழில் ஒரு சொல்லைத் தட்ட விசைகளும் கூடுதலாகும். ஆங்கிலத்துக்கு வகுத்த முப்பது நொடிக் கெடுவை அப்படியே வைத்தால், தட்டிப் பழகாதவர் பாதிச் சொல்லில் நிற்கையில் மணி அடித்துவிடும். கெடுவை நீட்டினால் விரைவாகத் தட்டுவோர் கொட்டாவி விடுவர். எழுதுவதற்கு மாறாகப் பேசிப் பதிவுசெய்யலாம் என்று ஒரு வழி வைக்கவேண்டும். அவ்வழியை வைத்த பிறகு பக்கத்து வீட்டு வானொலி அதில் பதிவாகும்.

பின்னர் இணையம். மலைச்சரிவில் ஒரு வளைவில் கிடைக்கும் அலைவரிசை அடுத்த வளைவில் கிடைப்பதில்லை. யார் முதலில் அழுத்தினார் என்று தீர்ப்புச் சொல்லும் ஆட்டத்தில் நொடியின் பத்தில் ஒரு பங்குத் தாமதமும் அநீதியாகும். ஆகவே வெளியுலக இணையத்தை நம்பாமல், ஒரு திறன்பேசியின் சுற்றலையில் மற்றவை இணையும்படி ஆட்டத்தை அமைக்கவேண்டும். இதற்கு மட்டும் பல வாரங்கள் செல்லும். ஆடுவோர் ஒருவரும் இதைக் கவனிக்கமாட்டார்கள். நன்றாகச் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் மாலை, மலையிலிருந்து இறங்கிய அத்தை கைகால் கழுவிவிட்டு வந்து வட்டத்தில் அமர்வாள். ஆட்டம் எளியது, வண்ணம் மாறியதும் திரையைத் தொடவேண்டும். வண்ணம் மாறும். அத்தை தொடுவாள். ஒன்றும் நிகழாது. மறுபடியும் தொடுவாள், அழுத்தித் தொடுவாள். பிள்ளைகள் இருவர் அதற்குள் வென்றிருப்பர். “எனக்கு இதெல்லாம் வராது, நீங்க ஆடுங்க” என்று திறன்பேசியை அவள் நீட்டுவாள். வாய் மூடி அமர்ந்திருக்கும் அவளுடைய அண்ணன் மகளுக்கு முதலில் விளங்காது. அத்தை தொட்ட நேரம் சரியாகவே இருந்தது.

தொடுதிரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் அருகே வரும்போது மாறும் மின்தேக்குத்திறனை உணர்கிறது. ஈரமான விரலும் தோல் தடித்துக் காய்ப்பேறிய விரலும் அதற்குச் சரியாகப் புலப்படாமல் போகலாம். ஆண்டுக்கணக்கில் சரத்திலிருந்து காய் தெரிந்தெடுத்த விரல்நுனி அது. ஆயிரம் காய்களுக்கு நடுவே முதிர்ந்ததைத் தொட்டே அறியும் விரலைத் திரை அறியவில்லை.

அன்றிரவு அவள் நிரலைத் திறப்பாள். தொடும் இடத்தைத் திரையின் பாதியளவுக்குப் பெரிதாக்குவாள். போதாது என்று தோன்றும். திறன்பேசிக்குள் அசைவை உணரும் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தொடுவதற்கு மாறாகச் சற்றே குலுக்கினாலும் போதும் என்று ஒரு வரி சேர்ப்பாள். அந்த ஒரு வரியால் வேறு மூன்று ஆட்டங்கள் கெடும். அவற்றைச் சரிசெய்வதற்குள் மணி இரண்டாகும். தெருக்கோடியில் முதல் ஜீப்பு உறுமும் முன் அத்தையை எழுப்பி, திறன்பேசியை அவள் கையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் எதிரே உட்காருவாள்.